அவர் மன்னிக்கவில்லை

குணராசா அண்ணை, நாங்கள் கூப்பிடும் குணம் அண்ணை, இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதலில் அவர் மகள் ஆரணி மெல்போர்னிலிருந்து அனுப்பிய குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரே வரி: அப்பா இன்று காலை போய்விட்டார், மாரடைப்பு. நான் அப்போது பரமட்டா அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். அழுகை வருவதற்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டது. நம் சிட்னித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ அவர் படத்தைப் போட்டு, ஓரத்தில் ஒரு விளக்கையும் வைத்து, ‘மன்னிப்பின் கவிஞர் மறைந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். அரைமணி நேரத்தில் அது எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போலிருந்தது. குணம் அண்ணை யாரையும் மன்னித்தவரில்லை. அவரை மன்னிப்பின் கவிஞர் ஆக்கியவன் நான். இதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். அவரைப் பள்ளிக்கூடங்களிலும் நகரசபை மண்டபங்களிலும் கேட்டுக் கைதட்டியவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காக: யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இங்கே வந்தவர். மனைவி பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். பஸ் ஓட்டினார். ஓய்வு நாட்களில் எங்கே கூப்பிட்டாலும் போய், இனவெறிக்கு எதிராகத் தமிழில் கவிதை சொல்வார். நான் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்வேன். நான் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலை, கெல்லிவில்லில் வீடு. எங்கள் ஜோடியை இரட்டை மாட்டு வண்டி என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது கெல்லிவில்லில் நடந்த ஒரு பொங்கல் விழாக் கவியரங்கத்தில். எல்லோரும் தாய், மண், மொழி என்று பாடி முடித்திருந்தோம். என் கவிதையில் காவிரி ஓடியது. மதுரைக்காரனுக்குக் காவிரி எதற்கு என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எதுகைக்கு அதுதான் கிடைத்தது. கடைசியாக அவர் ஏறினார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றவில்லை. எடுத்த எடுப்பில் சொன்னார்: “பஸ்ஸில் வெள்ளைக்காரன் என்னைச் சொன்ன சொல்லும், உங்கள் சாப்பாட்டு மேசையில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளை நீங்கள் சொல்லும் சொல்லும் ஒரே கடையில் வாங்கியவை.” கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு முறை சொல்வது வழக்கம் அல்லவா? இவரும் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் விழாக்குழுவில் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். இவர் விடவில்லை. அவர் இவர் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினார். குணம் அண்ணை மேடைப்படியில் முதுகு அடிபட விழுந்தார். மைக் உருண்டு வீரிட்டது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். அவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மைக் இல்லாமலே அந்த வரியை மூன்றாம் முறை சொன்னார். பின்வரிசை வரைக்கும் கேட்டது.

“வேற கடையெண்டாச் சொல்லுங்கோ, திருத்திறன்” என்றார்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டது. வழியெல்லாம் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “உன்ர கவிதையில ஆறு நல்லா ஓடிச்சுது. ஆனா ஒருத்தரும் நனையேல்லை” என்றார். இப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பஸ் ஓட்டவும், பயணிகளோடு பேசவும், சண்டை போடவும் போதுமான ஆங்கிலம் இருந்தது. கவிதையை மட்டும் தமிழில்தான் சொல்வார். கேட்டால், “அடி வாங்கினது தமிழில. நோகுறதும் தமிழிலதான். இங்கிலிசில சொன்னா ஆரோ வேற ஆளுக்கு நடந்த மாதிரிக் கிடக்கு” என்பார். வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையிலும் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்வார். “முதல் தரம் நீ விளங்கிக்கொள். ரெண்டாம் தரம் சொல்லேக்க அவை என்ர முகத்தைப் பார்க்கட்டும். பிறகு நீ சொல்லு.” இதுதான் எங்கள் ஒப்பந்தம். சனிக்கிழமைகளில் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குப் போய், புகலிடம் கேட்டு வந்து அங்கே அடைபட்டிருக்கும் நம் ஆட்களோடு பேசிவிட்டு வருவார். அன்றைக்கு அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. காரின் கதவைச் சாத்தினால் கார் குலுங்கும்.

அவர் அடிபட்டது ஏழு வருடங்களுக்கு முன்பு, வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில். பள்ளிக்கூடம் விடும் நேரம். பரமட்டாவிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் சீருடை போட்ட ஓர் ஆப்பிரிக்கப் பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் ஏறினார்கள். இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். பிள்ளையின் எதிரில் நின்று முதலில் குரங்குபோலச் சத்தமிட்டார்கள். பிறகு ஒருவன் பின்னலைப் பிடித்து இழுத்தான். அதன் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழக்கூடாது, தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. குணம் அண்ணை பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, எழுந்து போனார். அவர்கள் பிள்ளையை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமயிரைப் பற்றி, மஞ்சள் கம்பியில் அவர் முகத்தை அடித்தார்கள். ஒரு தடவை அல்ல. மூன்று பற்கள் போயின. இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்தது. விழுந்தவரின் விலாவில் உதைத்தார்கள். உன் நாட்டுக்குப் போ என்று ஒவ்வோர் உதைக்கும் சொன்னார்கள். பஸ்ஸில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். பலர் போனில் படம் பிடித்தார்கள். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் மட்டும் கத்திக்கொண்டே எழுந்து வந்து, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் வாயில் வைத்து அழுத்தினாள்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கம்பியில் முகம் மோதும் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஆனால் அவர் எழுதியது அதைப் பற்றி அல்ல. படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி. அவர்கள் இறங்கிய பிறகு அவர் தவழ்ந்து போய்த் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடக்கிறார்கள். ஒருவன் முன்கண்ணாடியில் ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டுப் போகிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தைத்த உதடுகளோடு, அந்தக் கவிதையை எனக்குச் சொன்னார்:

மூன்று பேர் என் முன்னால் சாலையைக் கடந்தார்கள்.
என் வாயில் இரத்தம். என் காலடியில் பன்னிரண்டு டன் இரும்பு.
கொல்லலாம் என்றது கால்.
நான் மன்னிக்கவில்லை.
பிரேக்கை மிதித்தேன்.
இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பஸ் ஓட்டப் போனார். மேடைகளுக்கும் வந்தார். அவர் பேச்சின் தொடக்கமே மாறியிருந்தது. வாயைத் திறந்து, பல் போன இடத்தை விரலால் காட்டி, “மூண்டு பல்லு இந்த நாட்டு றோட்டில கிடக்கு. இனி என்னை எங்கை போகச் சொல்லுறாய்?” என்று கேட்பார். சபை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

அந்தக் கவிதையை முதன்முதலாகச் சொன்ன மண்டபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல்லின மக்களின் ஒற்றுமைக்காக நடந்த விழா. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், பின்னால் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் என் அலுவலக மேலாளர். மனதுக்கு இதமாக ஏதாவது சொல்லச் சொல்லுங்கள் என்று ஏற்பாட்டாளர் என்னிடம் முன்கூட்டியே காதைக் கடித்திருந்தார். யார் மனமும் கோணாமல் இருபது வருடம் மின்னஞ்சல் எழுதிப் பழகிய கை என்னுடையது. குணம் அண்ணை, “நான் மன்னிக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன்” என்று இரண்டு தரம் சொல்லி நிறுத்தினார். நான் ஆங்கிலத்தில், பிரேக்கை மிதித்தேன், அவர்களை மன்னித்தேன் என்று சொன்னேன்.

அந்த ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியும். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அதே வரியை மூன்றாம் முறை சொன்னார். அவர்களைப் போகவிட்டேன் என்றேன். நான்காம் முறை சொல்லும்போது உள்ளங்கையால் மேசையில் அறைந்தார். தண்ணீர்க் குவளை துள்ளிக் கீழே விழுந்து உடைந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். ஐந்தாம் முறை சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. கவிதை முடிந்தது என்று நினைத்து ஏற்பாட்டாளர் கைதட்டினார். உடனே மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் கடைசி வரியைச் சொல்லாமலே இறங்கிவிட்டார்.

அவரைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் நிறுத்தியதும் கேட்டார்.

“நீ பயத்தில செய்தியோ, அன்பில செய்தியோ?”

“அன்புலதான் அண்ணே. உங்களை அவங்க தப்பா நினைச்சிடக் கூடாதேன்னு.”

“அது இன்னும் மோசம். பயந்தவனைத் திருத்தலாம்.” கதவைத் திறந்தவர் மறுபடி சாத்தினார். “இஞ்சை பார் முரளி. அவங்கள் பல்லைத்தான் உடைச்சவங்கள். நீ உடைச்சது என்ர சொல்லை. மேடையில நடந்தது போகட்டும். புத்தகம் வரேக்க சரியாப் போடு.”

“சத்தியமாப் போடுறேன்ணே” என்றேன்.

நான் போடவில்லை. அதுதான் இந்த அஞ்சலியின் பாரம். உள்ளூரில் சிலர் உதவியோடு அந்தச் சிறு புத்தகம் அடுத்த வருடம் வந்தது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். முதலில் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். படித்துப் பார்த்த ஒருவர், பள்ளிகளில் கொடுப்பதற்கு இது கொஞ்சம் காட்டமாக இருக்கிறதே என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே உட்கார்ந்து பூசி மெழுகினேன். ‘மன்னித்தேன்’ என்று மாற்றினேன். மன்னித்த ஆள் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது பொருந்தவில்லை என்று கடைசி வரியை எடுத்தே விட்டேன். மற்ற கவிதைகளிலும் இரத்தம் தெரிந்த இடமெல்லாம் துடைத்தேன். அச்சுக்குப் போகும் முன் அவர் தமிழ்ப் பக்கங்களை மட்டும் பார்த்து இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். அடிபட்ட கண்ணால் பொடி எழுத்தை அதிகநேரம் பார்க்க முடியாது. வலப்பக்கத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “அது உன்ர பக்கம்” என்றார். அந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து வலப்பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள்.

பிறகு போன இடமெல்லாம், அந்த வலப்பக்கங்களைப் படித்தவர்களுக்கு அவர் அடித்தவர்களை மன்னித்த மகான். ஒரு பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி எழுந்து, உங்களைப்போல மன்னிக்க எப்படிப் பழகுவது என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல் தன் ஆங்கிலத்திலேயே, “நோ ஃபர்கிவ். பிரேக்” என்றார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பும்போது காரில் கேட்டார்.

“ஏன் ஐசே, போற இடமெல்லாம் மன்னிச்சதுக்கு நன்றி, மன்னிச்சதுக்கு நன்றி எண்டு சொல்லினம்?”

“இங்க அது ஒரு மரியாதைப் பேச்சுண்ணே. எல்லாருக்கும் சொல்றதுதான்.”

“விசர்ச் சனம். பைத்தியங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அந்தச் சிரிப்புக்கூட வரும்.

இதற்கிடையில் ஆரணி மெல்போர்னுக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தாள். அவர் அடிபட்ட மறுவருடம் அது. வருடத்துக்கு ஒரு தடவை வருவாள், இரண்டு நாளில் போய்விடுவாள். ஏன் இப்படி என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். “என்ர சத்தம் பிள்ளைக்கு ஒத்துவராது” என்றார். பிறகு, “அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. புத்தகத்தை அனுப்பிப்போட்டன். உன்ர பக்கத்தை வாசிச்சாள் எண்டா அப்பா ஏன் இப்பிடி எண்டு விளங்கும்” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், நான் சர்க்கரை போதும் என்று சொன்னேன்.

இறுதிச் சடங்கில் ஒரு பெரிய மனிதர் வந்து அந்தக் கவிதையை ஆங்கிலத்தில் வாசித்தார். ‘மன்னித்தேன்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினார். பெட்டிக்குள் கிடந்தவர் எழுந்து மேசையில் அறையமாட்டாரா என்று ஏங்கிப்போனேன். முன்வரிசையில் ஆரணி அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அவள் அவர் வீட்டுச் சமையலறையில் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் அந்தப் புத்தகம். ஆங்கிலத்தில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

“அங்கிள், இந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது. முகத்தை உடைத்தவர்களை அன்றைக்கே மன்னித்த ஆள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் வீடு அதிரும். கதவை அறைவார். சுவரில் குத்துவார், கையில் இரத்தம் வரும்வரைக்கும். ஒருநாளும் என்னைத் தொட்டதில்லை. ஆனால் நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்று பேருக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் அவர் கொடுக்கவில்லை? நான் என்ன செய்தேன்?”

நான் சொன்னேன். மண்டபத்தில் சொன்னதை, காரில் சத்தியம் செய்ததை, அதன்பின் நான் செய்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். புத்தகத்தை வாங்கி இடப்பக்கத்தை விரித்து, ஒரு வரி தமிழில், ஒரு வரி ஆங்கிலத்தில் வாசித்தேன். இந்த முறை எதையும் துடைக்கவில்லை. கொல்லலாம் என்றது கால். நான் மன்னிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அது ஆங்கிலத்தில் இல்லையே என்றாள். நான்தான் எடுத்துவிட்டேன் என்றேன்.

புத்தகத்தைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தாள். அதன் முனை பட்டுப் புருவம் கிழிந்தது, கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. அவள் கதவருகே போய், அவர் குத்திக் குழிந்த சுவரில் கை வைத்தாள். பிறகு, என்னிடம் ஒருநாளும் தமிழில் பேசியிராத பெண், தமிழில் சொன்னாள்:

“அப்ப, அப்பாவுக்கு என்னோட கோவம் இல்லை.”

இதை அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் புத்தகத்தை அனுப்பினார். அதற்காகவே ஆறு வருடம் காத்திருந்தார். குணம் அண்ணையின் சிநேகிதத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது ஆரணியின் அந்த ஒரு வாக்கியம். அது அவருக்கு வந்திருக்க வேண்டியது. அவர் இல்லாத வீட்டில் நான் கேட்டேன்.